உதடு மரத்த வாரம்

மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில், கனடாவின் ரெஜைனா நகரிலுள்ள தாடை அறுவை மருத்துவரின் அலுவலகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. ஏழு மாதங்களாக நான் அவர்களுடைய காத்திருப்போர் பட்டியலில் இருந்தேன். என் கீழ்த்தாடையின் இரு ஓரங்களிலும் இரண்டு ஞானப்பற்கள் எலும்புக்குள் படுத்த நிலையில் கிடந்தன. ஐம்பத்தொரு வயதில் அவற்றை எடுப்பது அத்தனை எளிதாக இராது என்று எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

"மிஸ்டர் லுண்ட், வர்ற செவ்வாய்க்கிழமை ஒருத்தர் வர முடியலன்னுட்டாங்க. அந்த இடம் உங்களுக்கு வேணுமா? இதை விட்டா அடுத்து நவம்பர்தான்," என்றார் அந்தப் பெண்மணி.

அந்தச் செவ்வாய்க்குப் பின் வரும் சனிக்கிழமை, என் அண்ணன் ஆர்னேயை மண்ணில் வைக்கவிருந்தோம். அதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் மிக இனிமையாகக் கேட்டார். எனக்கு முன்னால் எத்தனை பேரை அழைத்து ஓய்ந்திருந்தாரோ என்றும் தோன்றியது. "வேணுங்க. ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டேன்.

ஆர்னே இறந்தது ஜனவரியில். ஜனவரியில் எங்கள் பக்கத்து மண்ணில் கடப்பாரை இறங்காது. குளிர்காலத்தில் இறப்பவர்கள் மே மாதம் வரை அடக்க நிலையத்துக் குளிரறையில் காத்திருப்பது வழக்கம். ஆராதனையை மட்டும் உடனே நடத்திவிடுவோம்.

அந்த ஆராதனையைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். போதகர் மெரிடித் எங்கள் பகுதிக்கு வந்து அப்போது ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஐந்து தேவாலயங்களுக்கு அவர் ஒருவரே. பனிப்புயலில் நூற்றிருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து, நனைந்த தாள்களைப் பையிலிருந்து எடுத்து, என் அண்ணனைப் பற்றிப் பத்து நிமிடம் மனமுருகப் பேசினார். ஆர்னே ஆற்றங்கரையில் தூண்டிலுடன் கழித்த மாலைப் பொழுதுகளைப் பற்றிச் சொன்னார். பாடகர் குழுவில் அவருடைய கனத்த குரல் இனி ஒலிக்காது என்று வருந்தினார்.

ஆர்னே தன் வாழ்நாளில் தூண்டிலைத் தொட்டதில்லை. பாடியதுமில்லை.

தேவாலயத்தில் எண்பது பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் அது தெரியும். எல்லோரும் மெல்லத் தலையசைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம். இவ்வளவு தூரம் புயலில் வந்த ஒரு பெண்ணை, அதுவும் அப்படிப்பட்ட ஓர் இடத்தில், யார் இடைமறிப்பது? அடுத்துக் குடும்பத்தின் சார்பில் நான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. என் கையில் தாள் இருந்தது. நான் எழுந்து நின்றேன். "பாஸ்டர் எல்லாத்தையும் ரொம்ப அழகா சொல்லிட்டாங்க. நன்றி," என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனின் மனைவி கோலீன் அன்று அழவில்லை. வாசலில் என் கோட்டின் கையைப் பிடித்து, "யாரையோ அனுப்பி வெச்சிருக்கோம் ஹால்வர். என் புருஷனை இல்ல," என்று மட்டும் சொன்னார். மே மாதம் கல்லறையில் நான் சரியாகச் சொல்லிவிடுகிறேன் என்று அவருக்கு வாக்களித்தேன். அந்த வாக்குக்குத்தான் சனிக்கிழமை கெடு.

செவ்வாய்க்கிழமை என்னை ரெஜைனாவுக்கு அழைத்துச் சென்றவர் கோலீன்தான். மயக்க மருந்து கொடுப்பதால், வீட்டுக்குக் கூட்டிச் செல்லவும் ஒரு நாள் முழுவதும் உடனிருக்கவும் ஒருவர் வந்து கையெழுத்திட்டால்தான் ஊசியையே எடுப்பார்கள். நான் தனி ஆள். ஊராட்சி அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை. கோலீனிடம் கேட்கவும் மனம் வரவில்லைதான். அவரே செய்தி அறிந்து, காலை ஐந்தரைக்கு வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.

நான் கண் விழித்தபோது வாய்க்குள் இரண்டு பக்கமும் பஞ்சுத்துணி இருந்தது. முகத்தின் கீழ்ப்பாதியைக் காணவில்லை. செவிலியர் என்னை விட்டுவிட்டுக் கோலீனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"முக்கால் மணி நேரம் இதை அழுத்திக் கடிச்சிருக்கணும். இன்னைக்குத் துப்பவே கூடாது. எச்சில் ஊறினா முழுங்கிடணும், இல்ல துண்டால துடைச்சுக்கணும். ஒரு வாரத்துக்கு ஸ்ட்ரா கிடையாது. பல் இருந்த குழியில ரத்தம் கட்டி நிக்கும் பாருங்க, அதுதான் மூடி. உறிஞ்சினாலோ துப்பினாலோ அது கழண்டு வந்துடும். வந்துட்டா எலும்பு தெரியும். அந்த வலி எதிரிக்குக்கூட வரக் கூடாது."

"பேசலாமா?" என்று கேட்டார் கோலீன்.

"ரெண்டு மூணு நாள் குறைச்சுக்கட்டும். பேச வேண்டியது இருந்தா மட்டும் பேசட்டும்."

"பேச வேண்டியது இருந்தப்பவே பேசாத ஆளு இவரு. நீங்க கவலையேபடாதீங்க."

செவிலியர் சிரித்தார். நானும் சிரித்திருக்கக்கூடும், எனக்குத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கோலீன் மட்டுமே பேசினார். இருபுறமும் உழுது போட்ட வயல்கள். பள்ளங்களில் உருகிய பனியின் நீர். கண்ணாடியில் சாய்ந்திருந்த என் கன்னத்துக்கு அதன் குளிர்ச்சி எட்டவில்லை.

"ஒண்ணு கேக்குறேன், தலைய மட்டும் ஆட்டு," என்றார். "சனிக்கிழமைக்குப் பயந்துதானே இந்தத் தேதிய ஒத்துக்கிட்ட?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"எந்தப் பக்கம் ஆட்டுறன்னே தெரியல. மூஞ்சி உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. சரி, போனை எடுத்து எழுது."

*போனில் அந்தப் பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டார்* என்று தட்டி, அவர் பார்வைக்கு உயர்த்திப் பிடித்தேன்.

கோலீன் அதைப் படித்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். "ஒருத்தன் மரியாதையாக் கேட்டா உன் தலையையே எடுத்துக்கிட்டுப் போயிடலாம்டா," என்றார் பிறகு.

அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை எனக்கே தெரியாது. அதைத் தட்டச்சு செய்யும் துணிவு எனக்கில்லை.

அன்று அவர் வீட்டு நாற்காலியில் சாய்ந்தே இருந்தேன். தலை உயரத்தில் இருக்க வேண்டும் என்று முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகள் வைத்தார். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துண்டில் சுற்றித் தாடையின் கீழ் இருபது நிமிடம் வைக்கச் சொல்வார். பின் இருபது நிமிடம் எடுக்கச் சொல்வார். சமையலறையில் கடிகார மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்தே "மாத்து!" என்று குரல் வரும். மாலைக்குள் ரத்தம் நின்றுவிட்டது. பஞ்சுத்துணி வெளிர் ரோஜா நிறத்தில்தான் வெளியே வந்தது. வயிறு காலியாக இருக்கும்போது மாத்திரை போட்டால் குமட்டும் என்று, ஆறவைத்த பாலேட்டுக் கஞ்சியைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் செய்வது அது. வெண்ணெயும் பட்டைத் தூளும் மேலே மிதக்கச் சுடச்சுடத்தான் சாப்பிட வேண்டும். நான் சூடில்லாமல், ருசியில்லாமல், நாக்கின் நுனியால் அளந்து அளந்து விழுங்கினேன்.

புதன்கிழமையும் கீழுதடு திரும்பவில்லை. தாடையில் வீக்கம் இருந்தது, வலியும் ஓரளவு இருந்தது. உதட்டிலும் மோவாயிலும் மட்டும் ஒன்றுமே இல்லை. அன்று முதல் உப்புநீரால் வாயைக் கழுவலாம். வெதுவெதுப்பான ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. கொப்பளிக்கக் கூடாது, நீரை வாயில் வைத்துத் தலையை மெல்ல இப்புறமும் அப்புறமும் சாய்த்து, குனிந்து வாயைத் திறந்தால் அதுவாக விழ வேண்டும். எனக்கு அது எப்போது விழுகிறது என்று தெரியவில்லை. சட்டை நனைந்த பிறகே கீழே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மருத்துவமனையை அழைத்தேன். "பல்லோட வேர் நரம்பு பக்கத்துலயே இருந்துச்சு மிஸ்டர் லுண்ட். சில பேருக்குச் சில வாரம் ஆகும், சில பேருக்கு மாசக்கணக்கா ஆகும். பெரும்பாலும் திரும்பிடும்," என்றார்கள். நான் நன்றி சொன்னேன்.

அன்று பிற்பகல் என் வீட்டுக்குத் திரும்பி, கல்லறையில் பேச வேண்டியதை எழுதத் தொடங்கினேன். வியாழனன்று இரண்டு பக்கங்கள் ஆகியிருந்தன. மசித்த கிழங்குடன் வந்த கோலீனிடம் அவற்றைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"முதல் பாரா முழுக்கப் போதகருக்கு நன்றி. ரெண்டாவது பாரா, குழி தோண்டினவங்களுக்கு நன்றி. மூணாவதுல வானிலை," என்றார். "இதுல ஆர்னே எங்கடா?"

"கடைசியில வர்றார்," என்றேன். அந்த மூன்று நாளில் நான் அவரிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. உதடு இல்லாமல் வந்ததால் குடிகாரன் பேச்சுப் போல ஒலித்தது.

"கடைசியில 'அன்பான சகோதரர்'னு ஒரு வரி இருக்கு. அது யாருக்கு வேணும்னாலும் பொருந்தும். உங்க சித்தப்பா செத்தப்ப அனுப்பின கார்டுலயும் 'அன்பான சித்தப்பா'ன்னுதான் எழுதியிருந்த." தாளை மேசையில் வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. "நான் என்ன கேக்குறேன்? பெரிய பிரசங்கமா கேக்குறேன்? குழிக்குள்ள போறது அந்த மனுஷன்தான்னு ஒரே ஒரு தடவை யாராவது சொல்லுங்கன்னுதான் கேக்குறேன். நான் சொன்னா, புருஷன் செத்த துக்கத்துல போதகர் மேல பாயுறான்னு சொல்வாங்க. நீ அவர் ரத்தம். நீ சொல்லணும்."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை வீக்கம் உச்சத்தில் இருந்தது. மூன்றாம் நாள் அப்படித்தான் என்று மருத்துவமனையில் தந்த தாளில் போட்டிருந்தது. பட்டாணிப் பொட்டலத்தை விட்டுவிட்டு வெந்நீர்த் துணிக்கு மாறியிருந்தேன். வலது கன்னத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு நிறம் கழுத்து வரை இறங்கியிருந்தது. பின் பற்களை விட்டுவிட்டு முன் பற்களை மட்டும் மென்மையாகத் துலக்கிக்கொண்டிருந்தபோது போதகர் மெரிடித் அழைத்தார்.

"ஹால்வர், பல் எடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன். ஐயோ பாவம்! நாளைக்கு நீங்க பேசிச் சிரமப்பட வேண்டாம். உங்களுக்குப் பதிலா நானே ஆர்னே பத்தி நாலு வார்த்தை சொல்லிடறேன். ஜனவரியில எழுதின குறிப்பு அப்படியே என்கிட்ட இருக்கு."

பற்பசை நுரையை நான் துப்பவில்லை. அது வாயிலிருந்து தானாக வழிந்து தொட்டியில் விழுந்துகொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வரி. அவர் உண்மையிலேயே என்மீது அக்கறை கொண்டு அழைத்திருந்தார்.

"ரொம்ப நன்றி பாஸ்டர்," என்றேன்.

கோலீனிடம் இதைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை நல்ல காற்று. தேவாலயத்தின் பின்னாலுள்ள மேட்டில் நாற்பது பேர் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பினார்கள். கோலீன் என் அருகில் நின்றார். என் கையில் பழைய இரண்டு பக்கங்களே இருந்தன. புதிதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஜெபம் முடிந்தது. போதகர் என்னைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தார்.

"நம்ம ஹால்வர் இந்த வாரம் பல் அறுவை செஞ்சுக்கிட்டதால, அவர் சார்பா நான் சில வார்த்தைகள் சொல்றேன்," என்றார்.

கோலீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் விவரிக்க இயலாது. அதில் வியப்பே இல்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

"ஆற்றங்கரையில தூண்டிலோட உக்கார்ந்திருக்கிற ஆர்னேயை நாம எல்லாரும் நினைச்சுப் பார்க்கலாம்," என்று போதகர் தொடங்கினார். கூட்டம் மெல்லத் தலையசைத்தது. நானும் அசைத்தேன். அசைத்துக்கொண்டிருக்கும்போதே குழியின் மேல் சவப்பெட்டியைத் தாங்கியிருந்த பட்டைகள் காற்றில் அடித்துக்கொள்வதைப் பார்த்தேன். இது முடிந்தவுடன் அவற்றைத் தளர்த்திவிடுவார்கள்.

"ஆர்னே மீன் புடிச்சதே இல்ல," என்றேன்.

அது யாருக்கும் புரியவில்லை. போதகர் நிறுத்தி, "என்ன ஹால்வர்? உடம்பு முடியலையா?" என்று கேட்டார்.

"மன்னிக்கணும் பாஸ்டர். ஆர்னே மீன் புடிச்சதே இல்ல. மீன் வாடை பட்டாலே எந்திரிச்சு வெளிய போயிடுவார்."

"சத்தமா சொல்லு," என்றார் கோலீன். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

நான் வாயை அகலத் திறக்கக் கூடாது. தையல் இருந்தது. திறந்தேன்.

"பாடவும் மாட்டார். பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு சும்மா நிப்பார். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். இருபத்திரண்டு வருஷம். ரேடியோவுல வானிலை சொல்றவனை வழி முழுக்கத் திட்டுவார். பிள்ளைங்க அந்தத் திட்டை எல்லாம் கத்துக்கிட்டு வீட்டுல போய்ச் சொல்லுவாங்க." பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். "ஓட்டுற சீட்டுக்குக் கீழ ஒரு பெட்டி வெச்சிருந்தார். பெட்டி நிறைய கையுறை. ஒண்ணுக்கொண்ணு ஜோடி சேராது. கையுறை இல்லாம ஏறுற பிள்ளைக்கு ரெண்டு எடுத்துக் குடுப்பார். திருப்பிக் கேக்க மாட்டார். கேட்டா, அந்தப் பிள்ளைக்கு வீட்டுல வாங்கித் தரலன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்னு சொல்வார்."

மேலும் இருந்தது, வரிசை மறந்துவிட்டது. வாயில் இரும்பு போன்ற ஒரு சுவை வந்தது. என் கையிலிருந்த தாளில், போதகருக்கு நன்றி சொல்லும் முதல் பத்தியின் மீது, சிவப்பு நிறத்தில் ஒரு துளி விழுந்திருந்தது. இன்னொன்றும் விழுந்தது. அவை என்னிடமிருந்துதான் விழுகின்றன என்று சற்றுத் தாமதமாகவே விளங்கியது.

கோலீன் தன் கைக்குட்டையால் என் மோவாயைத் துடைத்தார். துடைப்பதைப் பார்த்தேன், உணரவில்லை. "போதும்," என்றார். "அவரேதான். இப்ப இறக்கச் சொல்லு."

நான் கை காட்டினேன். பட்டைகளைத் தளர்த்தினார்கள். பெட்டி கீழே போய்ச் சேர்ந்த ஓசை கேட்டது. கோலீன் அப்போதுதான் அழுதார். துக்கமோ நிம்மதியோ எனக்கும் அந்நேரத்தில் வந்திருக்க வேண்டும் என்று காத்திருந்தேன். ரத்தத்தை விழுங்கிக்கொண்டு நின்றதுதான் நினைவில் இருக்கிறது.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வழக்கமான உணவு. முட்டை சாண்ட்விச், ஊறவைத்த வெள்ளரி, பேரீச்சம்பழக் கேக் துண்டுகள். எனக்கு ஆப்பிள் கூழ் வைத்திருந்தார்கள். புதிய பஞ்சுத்துணியைக் கடித்தபடி ஓரமாக அமர்ந்தேன். நான்கு பேர் வந்து என் தோளைத் தொட்டு, காற்று பலமாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போதகர் மெரிடித் தூரத்து மேசையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சென்று மன்னிப்புக் கேட்க எழுந்தேன்.

அப்போது ஈடித் அம்மையார் என் எதிரில் வந்து அமர்ந்தார். எண்பது வயது. பக்கத்து ஊர், ஆர்னே இறந்த அதே வாரத்தில் தன் கணவர் கிளிஃபர்டைப் பறிகொடுத்தவர். அவருடைய ஆராதனையையும் இதே போதகர்தான் நடத்தினார்.

"ஒரு சந்தேகம் தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "பள்ளிக்கூட பஸ், கையுறைப் பெட்டின்னு எல்லாம் சொன்னீங்களே. அது உங்க அண்ணனா?"

ஆமென்று தலையசைத்தேன்.

"எங்க கிளிஃபுக்கும் அதையேதான் சொன்னாங்க. கேட்டுக்கிட்டே உக்கார்ந்திருந்தேன். அந்த மனுஷனுக்கு லைசன்ஸே கிடையாது, நான்தான் எங்க போனாலும் வண்டி ஓட்டணும். கோடை முழுக்கத் தூண்டிலோட ஆத்துலதான் கிடப்பார்." தன் கோப்பையை மேசையில் வைத்தார். "கடைசியில நான் எந்திரிச்சுப் போய் ரொம்ப நல்லா பேசினீங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

கோலீன் காபிப் பாத்திரத்துடன் எங்களருகே நின்றுவிட்டார்.

"அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு அடக்கம்," என்றார் ஈடித். "உங்களுக்குத்தான் இப்ப சொல்ல வருதே தம்பி. நீங்க வந்து எங்களுக்காகவும் அந்த போதகர் அம்மாகிட்டச் சொல்லிடுறீங்களா?"

அவர் மிகுந்த மரியாதையுடன் கேட்டார். பஞ்சுத்துணியை விரலால் வெளியே எடுத்தேன்.

"இல்லைங்கம்மா," என்றேன். "எனக்கு உங்க வீட்டுக்காரரைத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

அவர் வருத்தப்பட்டாரா என்று நான் முகத்தைப் பார்த்தேன். என் முகம் அவருக்கு என்ன காட்டியது என்பதை அறிய எனக்கு வழியில்லை. அவர் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். மேசையைப் பிடித்து எழுந்தார். தூரத்து மேசையை நோக்கி, நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, நடந்தார். போதகர் நிமிர்ந்து பார்த்து, பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.